பத்துக்கு ஒன்பது

நோர்பரி
6 ஒக்டோபர் 2024

அன்புள்ள தம்பி ராசா,

முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருக்கிறது. நீயும் நாயகியும் பிள்ளை தர்மிகாவும் எப்படி?

நான் படிப்பித்த காலத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழும்பி நின்று கேட்டாள்: "ரீச்சர், புத்தகத்திலை பிழை இருந்தால் அதை ஆர் திருத்துறது?" விஞ்ஞானப் புத்தகத்தில் தவளையின் படத்துக்குக் கீழே தேரை என்று அச்சடித்திருந்தார்கள். வகுப்பே சிரித்தது. "மணி அடிக்கப் போகுது, இரு" என்று சொல்லி அவளை இருத்திவிட்டேன். செவ்வாய்க்கிழமை உன் பார்சலைப் பிரித்தபோது அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது.

மூன்று சஞ்சிகைகள். கூடவே ஒரு துண்டு: "அக்கா, கொப்பி திருத்துறமாதிரி இதுகளைத் திருத்தித் தாங்கோ. எதை நம்பலாம் எண்டு தெரியவேணும்." மூன்றும் வெள்ளம், புயல், மின்தடை வந்தால் எப்படித் தப்பிப் பிழைப்பது என்று சொல்கிறவை. மூன்றின் அட்டையிலும் தாடி வைத்த ஒரு ஆள் பனிக்குள் நின்று தூரத்தைப் பார்க்கிறான். ஒரே ஆளோ என்று கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். இல்லை, தாடிதான் ஒன்று.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சண்டைக் காலத்தில் ஊரில் கரண்ட் இல்லாமல் ஐந்து வருடம் ஜாம் போத்தல் விளக்கில் கொப்பி திருத்தினவள். நீ நாலு துளி பெற்றோல் விட்டு மெஷினை இயக்கி, மிச்சத்துக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவன். எங்களுக்கு இந்தத் தாடிக்காரர் என்ன சொல்லித் தரப்போகிறார்? ஆனாலும் திருத்துகிறேன். சிவப்புப் பேனை வாங்கிவிட்டேன்.

நீ கடிதம் எழுதத் தொடங்கியது நல்லது. போன மாதம் போனில் கதைத்தபோது பின்னால் ஒரே இரைச்சல். "என்னடா சத்தம்?" என்றேன். "பழைய பிரிட்ஜ், அக்கா" என்றாய். அதற்குப் பிறகு நீ போன் எடுக்கவே இல்லை.

விம்பிள்டன் கோயிலில், தர்மிகாவுக்குப் பேசுகிற சுஜீத்தின் தாயைக் கண்டேன். தர்மிகாவின் படத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டா. பிள்ளைகள் இரண்டு பேரும் முதலில் தங்களுக்குள் கதைக்கட்டும் என்று விட்டிருக்கிறோம். நான் ஒருநாள் அங்கே வந்து நாயகியோடு நேரே கதைக்க வேண்டும். எப்போது வரலாம்?

ஒன்று மட்டும். எதற்காக இதுகளை வாசிக்கிறாய் என்று நீ எழுதவில்லை. எழுதினால் திருத்துவது சுலபம்.

அன்புடன்,
அக்கா வசந்தமலர்


வால்தம்ஸ்டோ
24 ஒக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசுங்கள், படி ஏறாதீர்கள்.

விசேஷமான காரணம் ஒன்றும் இல்லை. கடையில் பேப்பர் அடுக்குகிறபோது இதுகள் கண்ணில் படும். இப்போது சனம் இதுகளைத்தான் வாங்குகிறது. வீட்டில் தண்ணீர், டோர்ச், பற்றரி வைத்திருக்கச் சொல்லி அரசாங்கமே சொல்கிறதாம். சும்மா வாசித்தேன். வாசித்தால் ஒன்று சொல்கிறதை மற்றது மறுக்கிறது. அதுதான் உங்களுக்கு அனுப்பினேன்.

எனக்காகப் பார்த்துப் புள்ளி போட வேண்டாம். ஒன்பதாம் வகுப்பில் சொந்தத் தம்பிக்கு முப்பத்தெட்டுப் புள்ளி போட்டு, வகுப்பில் எழும்பச் சொல்லி வாசித்தவர் நீங்கள். அதே கையால் போடுங்கள்.

வீட்டில் பெயின்ற் அடிக்கிறோம். மணம் உங்களுக்கு ஒத்து வராது. வருகிறதைக் கொஞ்சம் பிற்போடுவோம். இன்னும் இரண்டு சஞ்சிகை இத்துடன் இருக்கிறது.

இப்படிக்கு,
தம்பி ஆனந்தராஜா

பி.கு: கரண்ட் பற்றி எழுதியிருக்கிற பக்கங்களைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்.


நோர்பரி
9 நொவம்பர் 2024

அன்புள்ள ராசா,

குளிர் தொடங்கிவிட்டது. நாயகிக்கு ஒவ்வொரு வருடமும் இந்த மாதம் இருமல் வரும், கவனம். நான் எண்ணெய் பூசுகிறேன், படியும் ஏறுகிறேன்.

ஐந்தும் திருத்தி முடித்தேன். எப்படித் திருத்தினேன் என்று சொல்கிறேன், சரியோ என்று நீ சொல்.

முதலில் விளம்பரங்களை எண்ணினேன். பச்சை அட்டையில் தொண்ணூற்றெட்டுப் பக்கம், அதில் நாற்பத்தொன்று விளம்பரம். அது பரவாயில்லை, அவர்களும் பிழைக்க வேண்டும். ஆனால் ஒரு கத்தியை "வாழ்நாள் முழுக்க உழைக்கும்" என்று புகழ்கிற கட்டுரைக்கு நேரெதிர்ப் பக்கத்தில் அதே கத்தி விலையோடு கிடக்கிறது. இது பரீட்சை எழுதுகிற பிள்ளையே தனக்குப் புள்ளியும் போடுகிற மாதிரி. பத்துக்கு மூன்று.

அடுத்தது, எழுதினவர் அதைச் செய்து பார்த்தாரா? சிவப்பு அட்டையில், நாலு மெழுகுதிரியைக் கொளுத்தி மேலே பூச்சட்டியைக் கவிழ்த்தால் அறை முழுக்கச் சூடாகும் என்று இருக்கிறது. நான் செய்து பார்த்தேன். ஹீற்றரை அணைத்துவிட்டுக் குசினியில் தெர்மோமீற்றரோடு இரண்டு மணித்தியாலம் இருந்தேன். அரைப் பாகை ஏறியது. அதுவும் நான் அங்கே இருந்து மூச்சு விட்டதால் ஏறினதோ தெரியாது. பூச்சட்டி வெடித்ததுதான் மிச்சம். இரண்டு. தண்ணீர் சேமிக்கிற கட்டுரை மட்டும் நல்லது, போத்தலில் திகதி எழுதி ஒட்டச் சொல்கிறது. ஏழு.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய குறை. இவர்கள் யாருக்கு எழுதுகிறார்கள்? இந்த ஐந்து சஞ்சிகைகளிலும் ஒருவருக்கும் முழங்கால் இல்லை. எல்லோரும் முப்பது வயது, எல்லோருக்கும் பக்கத்தில் ஒரு காடு. மாத்திரை போடுகிற ஆள் இல்லை, மூன்றாம் மாடியில் இருக்கிற ஆள் இல்லை. வாசிக்கிறவர் யார் என்று கேட்காமலே பதில் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். கரண்ட் பற்றிய பக்கங்களில் மட்டும் நீ பென்சிலால் கோடு போட்டிருக்கிறாய். சாப்பாட்டுப் பக்கங்களைத் தொடவேயில்லை. நாயகியின் பிரீசருக்குள் இருக்கிற மீனை நினைத்துத்தானே பயப்படுகிறாய்? மீன் போனால் போகட்டும், எல்லோரும் இங்கே வந்து சாப்பிடுங்கள்.

பெயின்ற் காய்ந்துவிட்டதா?

அன்புடன்,
அக்கா


வால்தம்ஸ்டோ
2 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நாயகிக்கு இருமலோடு ஒரு சின்னத் தடிமன், வேறொன்றும் இல்லை.

நீலச் சஞ்சிகை ஒன்று அனுப்புகிறேன். ஐம்பத்திரண்டாம் பக்கம். சின்ன வீட்டுக்கு ஏற்ற சின்ன ஜெனறேற்றர் என்று ஒரு கட்டுரை. மற்றதை விடுங்கள், அதை மட்டும் வாசித்துப் புள்ளி போட்டு அனுப்புங்கள். அவசரம், கெதியாக வேண்டும்.

சுஜீத்தின் தாயிடம் தை பிறக்கட்டும் என்று சொல்லுங்கள்.

தம்பி


நோர்பரி
8 டிசம்பர் 2024

அன்புள்ள ராசா,

கெதியாகக் கேட்டாய், கெதியாகவே எழுதுகிறேன்.

பத்துக்கு ஒன்பது.

இப்படித்தான் எழுத வேண்டும். அந்த ஆள் மெஷினைத் தானே வாங்கி ஒரு குளிர்காலம் முழுக்கப் பாவித்திருக்கிறார். முதல் தடவை இழுத்து இயக்குகிற கயிறு அறுந்ததை மறைக்காமல் எழுதுகிறார். எத்தனை மணித்தியாலத்துக்கு எவ்வளவு எண்ணெய் என்று அட்டவணை இருக்கிறது. பக்கத்தில் ஜெனறேற்றர் விளம்பரமும் இல்லை. சத்தத்தால் அயலவர்களுக்கு வரும் கரைச்சலைச் சொல்லவில்லை, அதற்காக ஒன்று குறைத்தேன். வாசித்தபோது நீ தோட்டத்தில் மெஷினுக்குப் பக்கத்தில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது.

சுஜீத்தின் தாய் கோயிலில் என் கையைப் பிடித்துக் கேட்டா: "குறை நினைக்காதேங்கோ ரீச்சர், அவையின்ரை வீட்டிலை ஆருக்கும் நோய் வருத்தம் இருக்கோ? பிறகு பிள்ளையளுக்கும் வரும் எண்டு சொல்லுவினம்." "எங்கடை ஆக்கள் எல்லாரும் கல்லு மாதிரி" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அவவுக்கும் திருப்தி.

கிறிஸ்மஸ் விடுமுறையில் பயத்தம் பணியாரம் செய்துகொண்டு வரவா?

அக்கா


நோர்பரி
6 ஜனவரி 2025

அன்புள்ள தம்பிக்கும் குடும்பத்துக்கும் புதுவருட வாழ்த்துகள்.

டிசம்பர் எட்டாம் திகதி எழுதினதற்கு இன்னும் பதில் இல்லை. பணியாரத்தை நானே சாப்பிட்டு முடித்தேன், டொக்ரர் அறியக் கூடாது.

நேற்று உங்கள் வீட்டுக்குப் போன் அடித்தேன். தர்மிகா எடுத்தாள். "அப்பா கடையிலை மாமி. அம்மா படுத்திருக்கிறா" என்றாள். அதே இரைச்சல். "பிரிட்ஜை இன்னும் மாத்தேல்லையோ?" என்று கேட்டேன். "எந்தப் பிரிட்ஜ்? நான் குசினியிலை இல்லை, ஹோலுக்குள்ளை நிக்கிறன் மாமி" என்றவள், அப்படியே பேச்சை மாற்றி என் முழங்காலை விசாரித்தாள்.

ஹோலுக்குள் என்ன இரைகிறது, ராசா?

அக்கா


நோர்பரி
20 ஜனவரி 2025, திங்கள்

ராசா,

இன்று பின்னேரம் உன் வீட்டுக்கும் உன் கைப்பேசிக்கும் மாறி மாறி ஆறு தடவை அடித்தேன். ஒருவரும் எடுக்கவில்லை. ஆகையால் இதைத் தபாலில் போடவில்லை. நாளைக் காலை விக்ரோறியா வரை ரெயினிலும் அங்கிருந்து கடைசித் தரிப்பு வரை நிலத்தடி ரியூபிலும் நானே கொண்டு வருகிறேன். கதவு திறந்தால் கையில் தருவேன். திறக்காவிட்டால் தபால் துவாரத்துக்குள் போடுவேன்.

ஒரு பிள்ளை விடை எழுதிவிட்டு அழித்திருந்தால், தாளைச் சரித்துப் பிடித்துப் பார்ப்பேன். அழித்த எழுத்தின் தடம் தெரியும். அப்படி இன்று ஆறு சஞ்சிகைகளையும் மேசையில் பரப்பி, கட்டுரைகளை விட்டுவிட்டு, உன் பென்சிலை மட்டும் வாசித்தேன்.

பச்சையில்: "எத்தனை மணித்தியாலம் தாங்கும்?" சிவப்பில்: "இடையில் நின்றால்?" நீலத்தில், ஐம்பத்திரண்டாம் பக்க ஓரத்தில், மிகச் சின்னதாக: "நிமிடத்துக்கு 2 லீற்றர்." அதற்குக் கீழே: "பல்கனி. கதவை மூடினால் சத்தம் குறையும்."

நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் பெற்றோல் குடிக்கிற ஜெனறேற்றர் உலகத்தில் இல்லை. அது காற்றின் கணக்கு. இங்கே நோர்பரியில் என்னோடு கோயிலுக்கு வந்த ஒரு அம்மாவின் வீட்டில் இந்தக் கணக்கில் காற்று விடுகிற ஒரு மெஷின் இருந்தது. அறைக் காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துக் குழாயால் மூக்குக்கு அனுப்பும். பிரிட்ஜ் மாதிரித்தான் இரையும். கரண்ட் இல்லாவிட்டால் நின்றுவிடும்.

நாயகிக்கா?

என்னைக் கோபிக்காதே என்று சொல்ல வரவில்லை. என் பிழையைச் சொல்ல வருகிறேன். நான் போட்ட ஒன்பதை அழித்துவிடு. உன் வீட்டுக்கு அந்தக் கட்டுரை சைபர். அது முற்றமும் தோட்டமும் உள்ள வீட்டுக்காரருக்கு எழுதினது. மெஷினை வீட்டுச் சுவரிலிருந்து இருபதடி தள்ளி வெளியில் வைக்க வேண்டும் என்று படத்துக்குக் கீழே எறும்பெழுத்தில் ஒரு வரி இருக்கிறது. கட்டுரை நன்றாக ஓடியதால் நான் அந்த வரியைப் பார்க்காமல் ஓடிவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் மெஷின் என்றால் வெளியில், வேலிக்கரையில் நிற்கிறது. புகை தோட்டத்து வெங்காயத் தறைக்கு மேலால் போய்விடும். உன்னுடையது கண்ணாடி அடைத்த பல்கனி. அந்தப் புகையில் ஒரு வாயு இருக்கிறது, மணமும் இல்லை, நிறமும் இல்லை. கதவு இடுக்கால் உள்ளே வரும். நித்திரை வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். நல்ல நெஞ்சு உள்ளவர்களே எழும்ப மாட்டார்கள். ஒட்சிசன் இருக்கிற வீட்டில் பெற்றோல் வைக்கிறதைப் பற்றி நான் சொல்லவே தேவையில்லை.

வாசிக்கிறவர் யார் என்று கேட்காமல் பதில் சொல்கிறார்கள் என்று அவர்களைக் குறை சொன்னேன். நானும் அதைத்தானே செய்தேன்.

மெஷின் வாங்கியிருந்தால் தொடாதே.

அக்கா


வால்தம்ஸ்டோ
25 ஜனவரி 2025

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்கவே வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் விசாரிக்கிறேன். அவ்வளவு தூரம் வந்து, படி ஏறி, திரும்பிப் போனீர்கள். முழங்கால் எப்படி? லிப்ற் அந்தக் கிழமை முழுக்கப் பழுது.

போனில் எனக்கு நாலு சொல்லுக்கு மேல் மூச்சு வராது. எழுதினால் இடையில் நின்று நின்று எழுதலாம்.

நீங்கள் மணி அடித்தபோது நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மூக்கில் குழாய். அந்தக் கோலத்தில் உங்களுக்கு முன்னால் வர மனம் வரவில்லை. நீங்கள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "நாயகி, நான் வசந்தா. நீ கதவு திறக்க வேண்டாம். பல்கனியிலை மெஷின் ஒண்டு நிண்டால் அதை ஒருத்தரும் இயக்கக் கூடாது. மிச்சம் கடிதத்திலை இருக்கு. நான் கடைக்குப் போறன்." திறக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னதுக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. கடிதம் காலடியில் விழுந்தது. நிலத்தில் இருந்தே வாசித்தேன். பிறகு கதவைத் திறந்தேன். படியில் உங்கள் செருப்புச் சத்தம் கீழே போய்க்கொண்டிருந்தது. கூப்பிட மூச்சு இல்லை.

ஜூன் மாதம் சொன்னார்கள், நெஞ்சுக்குள் நுரையீரலில் தழும்பு விழுகிற வருத்தம் என்று. ஒரு நாளைக்குப் பதினைந்து மணித்தியாலம் மெஷினில் இருக்க வேண்டும். செப்ரெம்பரில் ஒரு பின்னேரம் கரண்ட் போனது. மெஷின் கூக்குரல் போட்டு நின்றது. அதற்கென்று ஒரு சிலிண்டர் தந்து, காட்டியும் தந்துவிட்டுத்தான் போனவர்கள். அது மூலையில் நின்றது. உங்கள் தம்பிக்குக் கை நடுங்கி, திறக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பி இறுக்கிவிட்டார். நான் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்தில் கரண்ட் வந்தது. அவர் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். அடுத்த கிழமை முதல் சஞ்சிகை வீட்டுக்கு வந்தது.

பல்கனியில் சீலை போட்டு மூடின பெட்டி ஒன்று கிடக்கிறது. "சம்மருக்குக் கதிரை வாங்கினனான்" என்று சொன்னார். உங்கள் கடிதத்தை வாசித்த பிறகுதான் சீலையைத் தூக்கினேன். கலண்டரில் இருபத்தாறாம் திகதியைச் சுற்றிப் பென்சில் வட்டம். நாளைக்கு. ஏதோ விரதம் என்று நினைத்திருந்தேன்.

ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினது நான்தான். தர்மிகாவுக்காக. தாய்க்கு நெஞ்சு வருத்தம் என்றால் ஆர் பெண் எடுப்பார்கள்? முக்கியமாக உங்களுக்குச் சொல்லக் கூடாது என்றேன். நீங்கள் எங்களுக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும். சொல்லாமல் விட்டால் நீங்கள் சொல்கிறது உங்களுக்கு உண்மைதானே என்று கணக்குப் போட்டேன்.

உங்களைத்தான் பிழையாக்கினேன். மன்னியுங்கள்.

உங்கள் அன்பு மச்சாள்,
அருள்நாயகி


வால்தம்ஸ்டோ
29 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாயகி எழுதினதை எனக்குக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினா. நான் எழுத நாலு நாள் பிந்திவிட்டது.

அன்று நீங்கள் கடைக்கு வந்ததைச் சொல்ல வேண்டும். லொத்தர் சீட்டு வாங்க நின்ற இரண்டு பேருக்குப் பின்னால், வரிசையில் ஒழுங்காக நின்றீர்கள். "என்ன வேணும்?" என்று கேட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஒரு திருத்தம் இருக்கு. புள்ளி குறைக்க வந்தனான்" என்றீர்கள்.

"எவ்வளவு?"

"ஒன்பதும்."

பின்னால் நின்ற ஆள் பால் போத்தலை மேசையில் தட்டினான். "எத்தினை மாதமா?" என்று கேட்டீர்கள். "ஜூனிலை இருந்து" என்றேன். ஏச்சுக்குத் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நீங்கள் கேட்டது, "மத்தியானம் சாப்பிட்டியோ?" அந்தப் பால்காரன் ஏதோ விளங்கின மாதிரிப் போத்தலை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றான்.

நீங்கள் வந்த அன்று பெற்றோல் வாங்கியிருக்கவில்லை, சனிக்கிழமை வாங்கி, கலண்டரில் வட்டம் போட்ட ஞாயிற்றுக்கிழமை இயக்கிப் பார்க்க இருந்தேன். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீங்கள் ஒன்பது போட்டதும் ஒரு சொல்லும் மேலே வாசிக்கவில்லை, அக்கா. சின்னனில் இருந்தே அப்படித்தான். நீங்கள் சரி போட்டால் சரி.

ஒன்று மட்டும் சொல்கிறேன். கரண்ட் இல்லாமல் ஐந்து வருடம் இருந்தோம் என்று எழுதியிருந்தீர்கள். அப்போது எங்களில் ஒருவரும் கரண்டில் மூச்சு விடவில்லை. இப்போது விளக்கு ஒருதரம் மினுங்கினாலும் நான் ஓடிப்போய் மெஷினைப் பார்க்கிறேன். இனி என்ன செய்கிறது?

தம்பி


நோர்பரி
2 பெப்ரவரி 2025

அன்புள்ள ராசாவுக்கும் நாயகிக்கும்,

நான் சுகம். படி இறங்கினதுதான் கஷ்டம், ஏறினது சுகம்.

நான் சரி போட்டால் சரி என்று எழுதியிருந்தாய். இனி நான் போடுகிற புள்ளியையும் நீ திருத்த வேண்டும்.

என்ன செய்கிறது என்று கேட்டாய். இரண்டு நாளாகப் போனில் இருந்து விசாரித்தேன். உங்கள் பகுதிக்குக் கரண்ட் கொண்டுவருகிற கொம்பனியிடம் ஒரு முன்னுரிமைப் பட்டியல் இருக்கிறது. வீட்டில் இப்படி மெஷின் உள்ளவர்கள் பெயரைப் பதிந்து வைக்கலாம். கரண்டை நிறுத்தித் திருத்த வேலை செய்ய முதல் அறிவிப்பார்கள், திடீரென்று போனால் விசாரித்து உதவுவார்கள். கரண்ட் போனால் அடிக்கிற நம்பர் 105. அதை நாயகியின் கட்டில் தலைமாட்டில் பெரிதாக எழுதி ஒட்டு. ஒட்சிசன் நேர்ஸிடம் சிலிண்டர் எத்தனை மணித்தியாலம் தாங்கும், அது முடியுமுன் ஆரைக் கூப்பிடுகிறது என்று கேட்டு, அதற்குக் கீழே எழுது. ஆறு சஞ்சிகை, ஐந்நூறு பக்கத்துக்கு மேல், இந்த மூன்றில் ஒன்றும் அதுகளில் இல்லை.

பிறகு பழகிப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் குண்டுக்குப் பதுங்கப் பிள்ளைகளைப் பழக்கினோம். முதல்நாள் எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடி நெரிபட்டார்கள். பத்தாம் நாள் ஆனா ஆவன்னா எழுதுகிற பிள்ளையும் தன் இடத்தில் போய்க் குந்தியது. உனக்குப் பயம் அதிகம் என்பதில்லை, ராசா. அந்தச் சிலிண்டரின் மூடியை நீ அதற்கு முதல் ஒருநாளும் திருப்பவில்லை, அவ்வளவுதான்.

நாயகி, சுஜீத்தின் தாயிடம் கல்லு மாதிரி என்று சொன்னதை நான் திருப்பி எடுக்க வேண்டும். ஆனால் அது உன் நெஞ்சு, உன் பிள்ளை. நீ ஓம் என்றால்தான் வாய் திறப்பேன்.

அன்புடன்,
வசந்தா


வால்தம்ஸ்டோ
16 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாயகி ஓம் சொன்ன கடதாசி உங்களுக்குக் கிடைத்திருக்கும். அதை எழுத முதல் தர்மிகாவைக் கூப்பிட்டு இருத்தி, இப்படி இப்படி, மாமி சுஜீத்தின் தாயிடம் சொல்லப் போறா என்றோம்.

"அப்பா, சுஜீத்துக்கு நொவம்பரிலையே தெரியும். நான் சொன்னனான்" என்றாள்.

"ஆரைக் கேட்டுச் சொன்னனி?"

"என்னைக் கேட்டு."

நாயகி சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, மெஷினைக் கொஞ்சம் கூட்ட வேண்டுமோ என்று பயந்துபோனோம். லிப்ற் பழுதான கிழமைகளில் எங்கள் சாமான்களை மூன்று மாடிக்கும் தூக்கி வந்து வாசலில் வைத்தது கவுன்சில் ஆட்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சுஜீத்தாம். தாய் இன்னும் யோசிக்கிறா என்று எழுதியிருந்தீர்கள். யோசிக்கட்டும்.

பட்டியலில் பெயர் பதிந்தாயிற்று. நேர்ஸ் வந்த அன்று அவவை வைத்துக்கொண்டே மெஷினை நிறுத்திப் பழகினோம். கூக்குரல் கேட்டதும் எனக்குத் திரும்பவும் கை நடுங்கியது. முதல் தடவை நாலு நிமிடம். நேர்ஸ் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றா. நாலாவது தடவை ஒரு நிமிடம். பிறகு நாயகி, "தள்ளுங்கோ, நான் செய்யிறன்" என்று தானே எழும்பி வந்து நாற்பது விநாடியில் செய்தா. இப்போது வீட்டில் அவதான் முதலாம் பிள்ளை.

நீங்கள் சித்திரையில் வந்து நிற்க வேண்டும் என்கிறா. இந்த முறை கதவு திறக்குமாம்.

கடைக்குப் புது இதழ் வந்திருக்கிறது. அட்டையில் இன்னொரு தாடி. அனுப்பவா?

தம்பி ராசா


நோர்பரி
30 மார்ச் 2025

அன்புள்ள ராசா,

முழங்கால் வழமைபோல. நாற்பது விநாடி என்று வாசித்ததும் வீட்டுக்குள் தனியே கை தட்டினேன். நாயகிக்குப் பத்துக்குப் பத்து. உனக்கு ஏழு, கூக்குரலுக்கு நடுங்கிக்கொண்டே திருப்பினாயே, அதற்காக.

புத்தகத்திலை பிழை இருந்தால் ஆர் திருத்துறது என்று கேட்ட பிள்ளைக்கு நான் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்குக் கேட்டால் சொல்வேன்: வாசிக்கிற நீதான், பிள்ளை. ஆனால் எனக்கு இது தேவை என்று நீ வாய் திறந்து சொன்னால்தான், பக்கத்தில் இருக்கிறவரும் உன்னோடு சேர்ந்து திருத்தலாம்.

சித்திரை பன்னிரண்டு வருகிறேன், பணியாரத்தோடு. புது இதழை அனுப்பு. அனுப்ப முதல் ஒரு வேலை செய். அதை விரிக்காமல் மேசையில் வைத்து, நீ எதற்குப் பயப்படுகிறாய் என்று ஒரு துண்டில் ஒரே ஒரு வரி எழுதி, அட்டையில் அந்தத் தாடிக்கு மேலே ஒட்டிவிட்டுப் பிறகு வாசி.

அக்கா